கோல்கீப்பராகவே வாழ்க்கை அமையுமா? 16 வயது மகனுக்காக ஒரு கேள்வி

கொடிவேரி (கோபிசெட்டிபாளையம்):

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு 16 வயது நடக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறான். கால்பந்தில் முதலில் தடுப்பாட்டக்காரனாக ஆடிக்கொண்டிருந்தவனை, உயரத்தைப் பார்த்துவிட்டு உடற்கல்வி ஆசிரியர் கோல் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தினார். அன்றிலிருந்து வேறு இடத்தில் ஆடச் சொன்னால் அவனுக்கு மனம் ஒப்புவதில்லை. ஆறடியைத் தொட்டுவிட்டான், இன்னும் வளர்கிறான். ஒரு போட்டியில் அவன் ஆட்டத்தைப் பார்த்த பயிற்சியாளர் ஒருவர், வெளிமாநிலத்தில் உள்ள தங்கள் விடுதி அகாடமியில் இரண்டு ஆண்டுகள் விட்டால் தொழில்முறை அணிகளின் தேர்வுக்கு அவனைத் தயார் செய்துவிடலாம் என்கிறார். அவர்கள் கேட்கும் கட்டணம், பள்ளி ஆசிரியையான என் சம்பளத்தையும் கணவரின் ஜவுளிக் கடை வருமானத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் எங்களுக்குச் சிறிய தொகை அல்ல.

வீட்டில் ஆளுக்கொரு கருத்தாக இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுக் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேரட்டும், அங்கேயும் ஆடலாமே என்பது அவன் அப்பாவின் எண்ணம். அவனுடைய அப்புச்சியோ, "ஆசப்படறத ஆட உடு கண்ணு, படிப்பு எங்கீம் ஓடிப் போயராது" என்று பேரன் பக்கம் நிற்கிறார். இருவர் சொல்வதிலும் எனக்கு நியாயம் தெரிகிறது. ஆனால் இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பதே தெரியாமல் நான் எந்தப் பக்கமும் சாய முடியவில்லை.

ஓர் அணியில் பதினொரு பேர் ஆடினாலும் கோல் கம்பத்துக்கு முன்னால் நிற்பவர் ஒருவர்தான். அப்படியானால் இரண்டாவது, மூன்றாவது கோல்கீப்பர்களின் கதி என்ன? எந்த வயதில் இந்த ஆட்டம் சோறு போடத் தொடங்குகிறது, எந்த வயது வரை போடுகிறது? நம் பக்கத்துப் பையனுக்கு இதில் உண்மையிலேயே இடம் இருக்கிறதா? இந்தத் துறையை உள்ளிருந்து பார்த்தவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நேரு ஸ்டேடியம் (கோவை):

கொடிவேரி அம்மா அவர்களுக்கு வணக்கம். சென்னை லீகில் அரசுத் துறை அணி ஒன்றுக்குக் கோல்கீப்பராக ஆடி ஓய்ந்தவன் நான். இப்போது கோவையில் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கோல்கீப்பிங் மட்டும் கற்றுத் தருகிறேன்.

உங்கள் கேள்வியின் மையத்தை நீங்களே தொட்டுவிட்டீர்கள். மற்ற இடங்களில் ஆடுபவர்களில் ஐந்து பேர் வரை ஓர் ஆட்டத்தில் மாற்றிக்கொள்ள இப்போது விதி இடம் தருவதால், வளரும் பையனுக்குக் கடைசிப் பத்து நிமிடமாவது கிடைத்துவிடுகிறது. கோல்கீப்பரை, அடிபட்டாலோ சிவப்பு அட்டை வாங்கினாலோ தவிர, அநேகமாக யாரும் மாற்றுவதில்லை. ஆகவே இரண்டாவது கோல்கீப்பர் ஒரு பருவம் முழுவதும் அணியோடு ஊர் ஊராகப் போய், முதலாமவருக்குச் சமமாக அன்றாடம் பயிற்சி செய்து, ஒரு நிமிடம்கூட ஆடாமல் வீடு திரும்புவது உலகம் முழுவதும் நடக்கிற சங்கதி. இந்தத் தொழிலுக்கு வரும் பையனும் அவனைப் பெற்றவர்களும் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டியது இந்தக் காத்திருப்பைத்தான்.

2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் 123ஆவது நிமிடத்தில், தனியாக வந்து கோலோ முவானி அடித்த பந்தை இடது காலை நீட்டித் தடுத்த எமிலியானோ மார்ட்டினசை உங்கள் மகனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அவர் 2010இல், 17 வயதில், அர்ஜென்டினாவிலிருந்து லண்டனின் ஆர்சனல் கிளப்புக்கு வந்தவர். அடுத்த பத்து ஆண்டுகளில் ஆக்ஸ்ஃபோர்டு, ஷெஃபீல்டு, ராதரம், வுல்வர்ஹாம்ப்டன், ஸ்பெயினின் ஹெடாஃபே, ரெடிங் என்று ஒவ்வோர் ஊராக அவரை இரவலுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 2020 ஜூனில் முதல் கோல்கீப்பர் பெர்ண்ட் லெனோ காயமடைந்த பிறகுதான் தொடர்ந்து ஆடும் வாய்ப்பு வாய்த்தது. அந்த ஆண்டே எஃப்.ஏ. கோப்பையை வென்றார், செப்டம்பரில் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனார், தன் நாட்டுக்காக முதல் ஆட்டம் ஆடியபோது அவருக்கு 28 வயது. கோல் அடிக்கும் இடத்தில் ஆடுபவர் அந்த வயது வரை வெளியே உட்கார்ந்திருந்தால் அவர் பெயர்கூட யாருக்கும் நினைவிருக்காது. கோல்கீப்பருக்கோ கண்ணும் கணிப்பும் முதிர்கிற வயதே அதுதான். இத்தாலியின் டீனோ ஸோஃப் 1982இல் உலகக் கோப்பையைத் தலைவராகக் கையில் ஏந்தியபோது அவருக்கு 40 வயது. 1995இல் பார்மா அணிக்கு முதல் ஆட்டம் ஆடிய புஃபோன் ஓய்வை அறிவித்தது 2023இல். எகிப்தின் எஸ்ஸாம் அல் ஹதாரி 2018 உலகக் கோப்பையில் 45 வயதில் ஒரு பெனால்ட்டியைத் தடுத்தார். தாமதமாகத் தொடங்குவதும் தாமதமாக முடிவதும் இந்த இடத்தின் இயல்பு என்பதை உங்கள் கணவரிடமும் சொல்லுங்கள்.

நம் பையன்களுக்கு இதில் ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கியபோது ஓர் அணி ஆறு வெளிநாட்டவரைக் களமிறக்கலாம் என்று இருந்தது. அப்போது கேரள அணிக்கு இங்கிலாந்தின் டேவிட் ஜேம்ஸ் கோல்கீப்பராக நின்றார். பின்னர் அது ஐந்தாகி, 2021-22 பருவத்தில் நான்கானது. கிடைக்கும் நான்கு இடங்களைக் கோல் அடிப்பவர்களுக்கும் நடுக்களத்துக்கும் கொடுக்கவே கிளப்புகள் விரும்புகின்றன. அதனால் மேல்நிலை அணிகளில் கோல் கம்பத்துக்கு முன்னால் நிற்பவர் இப்போது பெரும்பாலும் இந்தியர்தான். வெளிநாட்டவர் பறித்துக்கொள்ளாத மிகச் சில இடங்களில் இது ஒன்று. எங்கள் நேரு ஸ்டேடியத்தில் 2019 மார்ச் 9 அன்று சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, தேசிய லீகான ஐ லீகின் பட்டத்தைக் கைப்பற்றியது. விதிவிலக்காக, அந்தப் பருவத்தில் அந்த அணிக்குக் கோல்கீப்பராக நின்றவர் ஸ்பெயினின் நவுசெத் சந்தானா. பந்தைத் தடுப்பதைக் காட்டிலும், பக்கவாட்டிலிருந்து பந்து உயர்ந்து வருவதற்கு முன்பே தன் தடுப்பாட்டக்காரர்களைக் கூவிக் கூவி இடம் மாற்றி நிறுத்துவதை மாணவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவர்களைக் கோல் கம்பத்துக்குப் பின்பக்கம் உட்கார வைத்திருக்கிறேன்.

இனி அகாடமி விஷயம். கோல்கீப்பருக்கான பயிற்சி மற்றவர்களுக்கான பயிற்சியிலிருந்து அடியோடு வேறுபட்டது. விழுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மைதானங்கள் பெரும்பாலும் செம்மண் தரை. அதில் கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் பழகிய பையன் முழங்கையை ஊன்றியோ வயிற்றின் மேலோதான் விழுவான். சரியான முறையில் முதலில் நகர்வது கால். பந்து வரும் பக்கம் ஒரு சிறிய எட்டு. பிறகு கீழ்க்கை பந்துக்குப் பின்னாலும் மேல்கை பந்தின் தலைக்கு மேலும் போக, கெண்டைக்கால், தொடையின் வெளிப்புறம், இடுப்பு, தோள் என்று வரிசையாகத் தரையைத் தொட வேண்டும். பந்தைத் தரையோடு அழுத்திப் பிடிப்பதால் விழும் விசையில் ஒரு பங்கைப் பந்தே வாங்கிக்கொள்கிறது. நான் மாணவர்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு ஓசையை மட்டும் கேட்பேன். மொத்தமாகத் 'தொப்'பென்று கேட்டால் அந்தப் பையனை மறுபடி முழங்காலிட்ட நிலையிலிருந்து விழச் சொல்வேன். இந்தக் கவனிப்பைப் பத்துப் பேரோடு சேர்த்து ஓடவிடும் பொதுப் பயிற்சியாளரால் தர முடியாது.

உங்கள் மகன் தடுப்பாட்டத்திலிருந்து வந்தவன் என்பது அவனுக்கு ஆதாயம். தன் அணிக்காரர் காலால் தள்ளிவிடும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992இல் வந்தது முதல் கால்திறன் இல்லாத கோல்கீப்பருக்கு மேல்நிலையில் இடமில்லை. 2025-26 பருவத்திலிருந்து, பந்தை எட்டு விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே யாருக்குக் கொடுப்பது என்பதைப் பந்து கைக்கு வருமுன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

அந்த அகாடமியிடம் நீங்கள் கேட்க வேண்டியவை: கோல்கீப்பிங்குக்கென்று தனிப் பயிற்சியாளர் அன்றாடம் இருக்கிறாரா, இவன் வயதுப் பிரிவில் ஏற்கெனவே எத்தனை கோல்கீப்பர்கள் இருக்கிறார்கள், ஆண்டுக்கு எத்தனை ஆட்டங்கள் இவனுக்குக் கிடைக்கும். 16 வயதில் பெரிய அகாடமியின் மூன்றாவது கோல்கீப்பராக உட்கார்ந்திருப்பதைவிடச் சிறிய அணிக்கு வாரந்தோறும் ஆடுவது மேல் என்பது என் உறுதியான கருத்து.

சோமனூர் தறி:

பயிற்சியாளர் ஐயா சொன்னவற்றில் ஆட்டத்தைப் பற்றியவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் தொழில் என்றால் சம்பளம் ஒழுங்காக வர வேண்டும். 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். அடுத்த பருவம், அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் லீகை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் நிறுத்தி வைக்கப்பட்டது. சில கிளப்புகள் ஆட்டக்காரர்களின் சம்பளத்தையே நிறுத்தி வைத்தன. நாட்டின் முதல்நிலை லீகில் ஆடுபவர்களுக்கே இந்த நிலை என்றால், அதற்குக் கீழே உள்ள அணிகளின் இரண்டாவது கோல்கீப்பரை நினைத்துப் பாருங்கள். ஐயா பெருமையோடு குறிப்பிட்ட அந்த 2019 சாம்பியன் அணியும் இன்று தேசிய லீகில் இல்லை. எங்கள் தறித் தொழிலில் ஆர்டர் நின்றால் பாவு நூலையாவது விற்கலாம். ஆட்டக்காரரிடம் விற்க எதுவும் இல்லை.

உங்கள் கணவர் சொல்வதே சரி என்பேன், சகோதரி. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. தமிழ்நாடு அரசுப் பணிகளில் 3 விழுக்காடு விளையாட்டு வீரர்களுக்கு என்று இருக்கிறது. பையன் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஆடட்டும். கையில் பட்டமும் இருக்கட்டும். அகாடமிக் கட்டணத்தைக் கட்டுவதற்காக நகையை அடகு வைக்கும் நிலை வந்தால் அந்தப் பாரம் பையன் தலையிலும் ஏறும், கோல் கம்பத்துக்கு முன்னால் நிற்கிறவனுக்கு அது நல்லதல்ல.

மேட்டுப்பாளையம் ரயிலடி:

நான் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்டில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். தனியார் கிளப், பொறியியல் கல்லூரி என்ற இரண்டு வழிகளுக்கு நடுவே இன்னொரு பழைய வழியும் இருப்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

இந்தியாவின் தலைசிறந்த கோல்கீப்பர்களில் ஒருவரான பீட்டர் தங்கராஜ் உருவானது இங்கே, நம் நீலகிரி மலையின் மேல்தான். ஐதராபாத்தில் பிறந்த அவர், 1950களில் ராணுவத்தில் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு ஆடினார். வந்தபோது அவர் கோல்கீப்பரே அல்லர், கோல் அடிக்கும் இடத்தில் ஆடும் நடு ஃபார்வர்டு. இடம் மாற்றப்பட்ட பிறகு, 1955இலும் 1958இலும் அந்த அணி டூரண்ட் கோப்பையை வென்றபோது கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் அவர். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் போட்டிகளில் இந்திய அணியில் இருந்தார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் உடல்நலம் குன்றியதால் முந்தைய ஆட்டங்களில் பிரத்யோத் பர்மன் நிற்க, தென்கொரியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்துக்கு இவர் திரும்பி வந்தார். 2-1 என்று தங்கம் நமக்குக் கிடைத்தது. ராணுவத்துக்குப் பிறகு கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று பெரிய அணிகளுக்கும் ஆடி, 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். எங்கள் காலத்திலும் வெலிங்டன் மைதானத்தில் இளம் கோல்கீப்பர் சோர்ந்து போனால் அவர் பெயரைச் சொல்லித்தான் எழுப்பி விடுவார்கள்.

அந்த பர்மனைப் பற்றியும் உங்கள் மகனிடம் சொல்லுங்கள், அம்மா. இறுதி ஆட்டம் வரை அணியைக் கொண்டு வந்து சேர்த்துவிட்டு, இடத்தை முதலாமவருக்கு விட்டுக்கொடுத்தவர் அவர். இரண்டாவது கோல்கீப்பரின் கதி என்ன என்று கேட்டீர்களே, அந்தத் தங்கத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

ராணுவம், ரயில்வே, காவல்துறை, வங்கிகள் ஆகியவை இன்றும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கின்றன. முப்படை அணியான சர்வீசஸ் மாநில அணிகளும் துறை அணிகளும் மோதும் சந்தோஷ் டிராபியை 2023-24இல் வென்றிருக்கிறது. கிளப் ஒப்பந்தம் முடிந்தால் சம்பளமும் முடிந்துவிடும். துறை அணியிலோ, ஆட்டம் ஓய்ந்த பின்னும் வேலை இருக்கும். சந்தோஷ் டிராபியில் மாநிலத்துக்கு ஆடியிருந்தால் அந்தக் கதவு எளிதில் திறக்கும். அந்தச் சான்றிதழ்களைக் கோப்பில் பத்திரமாகச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

கொடிவேரி (கோபிசெட்டிபாளையம்):

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு அனைவருக்கும் நன்றி. இரண்டு செய்திகளைச் சேர்க்க வேண்டும். தனிப்பட்ட ஒருவர் எங்களைத் தொலைபேசியில் அழைத்து, ஒரு தொகை கட்டினால் பையனை அடுத்த ஆண்டே ஐரோப்பியக் கிளப் ஒன்றின் டிரையல்ஸுக்கு அழைத்துப்போய்ச் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். மற்றொன்று, போன வாரம் கை ஊன்றி விழுந்ததில் மகனுக்கு மணிக்கட்டில் வலி இருக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். அவன் மறுநாளே கிளவுஸ் மாட்டிக்கொள்ளத் துடிக்கிறான்.

திருப்பூர் வடக்கு:

முதல் செய்திக்கு நான் பதில் சொல்கிறேன், அக்கா. என் தம்பிக்கும் இப்படி ஓர் அழைப்பு வந்தது. பணம் கட்டி, விசாவுக்கு அலைந்து, போன இடத்தில் ஏதோ ஒரு வாடகை மைதானத்தில் தன்னைப் போலவே பணம் கட்டி வந்தவர்களோடு ஆடிவிட்டுத் திரும்பினான். அங்கே எந்தக் கிளப்பின் ஆளும் வந்து பார்க்கவில்லை. அதனால் விதிகளை நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

18 வயது நிறையாத ஆட்டக்காரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்றுவதை ஃபிஃபா பொதுவாகத் தடை செய்கிறது. பெற்றோர் கால்பந்து சாராத காரணத்துக்காக அந்நாட்டில் குடியேறுவது போன்ற சில விதிவிலக்குகளே உண்டு. உங்கள் மகனுக்கு 16 வயது என்பதால் 'அடுத்த ஆண்டே சேர்த்துவிடுகிறேன்' என்ற பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். ஃபிஃபா உரிமம் பெற்ற முகவர்களின் பெயர்கள் அதன் இணையத் தளத்திலேயே இருக்கின்றன. அழைத்தவர் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். உள்நாட்டில் ஒப்பந்தம் போடும் நிலை வந்தாலும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரோடு மூன்று ஆண்டுகளுக்கு மேல் தொழில்முறை ஒப்பந்தம் செய்யக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள். கையெழுத்திடும் தாளின் நகலை அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்த அகாடமியில் சேர்த்தாலும் அவன் பெயர் சம்மேளனத்தின் பதிவில் ஏறியிருக்கிறதா என்பதையும், பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதியே அங்கும் இருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள். வயதில் குழப்பம் வந்தால் நல்ல ஆட்டக்காரனும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

பெருந்துறை பிசியோ:

மணிக்கட்டைப் பற்றி உடனே எழுத வேண்டியிருக்கிறது, டீச்சர். தயவுசெய்து அவனை இந்த வாரம் கிளவுஸ் மாட்ட விடாதீர்கள். கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி, ஒரு சிறு குழி விழும். அந்தக் குழியில் உங்கள் விரலால் அழுத்தும்போது அவனுக்குச் சுருக்கென்று வலித்தால், ஸ்கேஃபாய்டு என்ற சிறிய எலும்பில் விரிசல் இருக்கலாம் என்றே முதலில் கொள்ள வேண்டும். கை ஊன்றி விழுபவர்களுக்கு வருகிற காயம் இது. முதல் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் தெரியாமல் போவது மிகச் சாதாரணம். அதனால் வலி இருக்கும் வரை கட்டுப் போட்டு வைத்து, 10 முதல் 14 நாட்களில் மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள், அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கமிருந்து பின்னோக்கி வருவதால், விரிசலை அசட்டை செய்தால் முழங்கைப் பக்கத்துத் துண்டு ரத்தம் கிடைக்காமல் நசிந்துபோகும் ஆபத்து உண்டு. பிறகு வாழ்நாள் முழுவதும் மணிக்கட்டு முழுதாக மடங்காது. எண்ணெய் போட்டு நீவி விடுவதும் வேண்டாம். எலும்பு மருத்துவரிடம், 'கோல்கீப்பர், கை ஊன்றி விழுந்தான்' என்ற இரண்டையும் சொல்லிக் காட்டுங்கள்.

தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது என்பதும் உங்கள் வீட்டில் மாறாத சட்டமாக இருக்கட்டும். 2006 அக்டோபரில் ரெடிங் மைதானத்தில் எதிராளியின் முழங்கால் பட்டு செல்சியின் பெட்டர் செக்குக்கு மண்டை ஓடு உடைந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு 2007 ஜனவரியில் திரும்பியவர், 2019இல் ஓய்வு பெறும் வரை தலைக்கவசம் இல்லாமல் ஆடவில்லை.

ஓமலூர் வலைக்காவல்:

நான் பெண்கள் அணியில் ஆடும் கோல்கீப்பர். இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நடுக்களத்தில் ஆடுபவர் பத்துத் தவறு செய்தாலும் ஆட்டம் முடியும்போது யாருக்கும் நினைவிருக்காது. எங்களுடைய ஒரு தவறு எண்ணாகிப் பலகையில் ஏறிவிடும். 1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் உருகுவேயின் கிஜ்ஜியா அடித்த பந்து, தனக்கும் அருகிலிருந்த கம்பத்துக்கும் இடையே புகுந்து போனதற்காக, பிரேசிலின் பார்போசா 2000இல் இறக்கும் வரை பழி சுமந்தார். அவர் அந்த அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் என்பதை அந்த ஒரு பந்து மறைத்துவிட்டது. நம் நாட்டுக் கோல்கீப்பர் சுப்ரதா பாலை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில் அவரோடு மோதிய டெம்போ அணியின் கிறிஸ்தியானோ ஜூனியர் உயிரிழந்தார். பாலுக்கு அப்போது இருபது வயதுகூட இல்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகும் அவர் மீண்டு வந்து 2011 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக நின்ற விதத்தை நாடே பார்த்தது.

ஆகவே உங்கள் மகனின் கைகளைப் பார்ப்பதோடு நில்லாமல், கோல் வாங்கிய அடுத்த ஐந்து நிமிடம் அவன் எப்படி நிற்கிறான் என்பதையும் கவனியுங்கள். என் பயிற்சியாளர் எனக்கு ஒரு பழக்கத்தை ஏற்படுத்தினார்: கோல் விழுந்தால் வலைக்குள் கிடக்கும் பந்தை வேறு யாரும் எடுக்க விடாமல் நானே எடுத்து நடுக்கோட்டுக்கு உதைக்க வேண்டும், ஒரு மிடறு தண்ணீர் குடிக்க வேண்டும், பிறகு எனக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவள் நிற்க வேண்டிய இடத்தைச் சொல்ல வேண்டும். பேசத் தொடங்கிவிட்டால் மனம் போன கோலிலிருந்து அடுத்த பந்துக்கு வந்துவிடுகிறது. பெனால்ட்டி 11 மீட்டரிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 0.4 விநாடிதான் நமக்கு இருக்கிறது. பழைய கோலை நினைத்துக்கொண்டு அந்த நேரத்துக்குள் எதையும் செய்ய முடியாது.

படிப்பை நிறுத்தச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். சென்னையில் பிறந்த அதிதி சௌகான், இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கப் போய், 2015இல் வெஸ்ட் ஹாம் பெண்கள் அணியின் கோல்கீப்பரானார். படிப்புதான் அவரை அந்த மைதானத்துக்குக் கொண்டு சேர்த்தது.

கொடிவேரி (கோபிசெட்டிபாளையம்):

பிசியோ ஐயா சொன்ன குழியில் அழுத்திப் பார்த்தேன், வலித்தது. ஈரோட்டில் எலும்பு மருத்துவரிடம் காட்டினோம். கட்டுப் போட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரேவுக்கு வரச் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அகாடமியிடமும் பயிற்சியாளர் ஐயா சொன்ன கேள்விகளைக் கேட்டேன். இவன் வயதுப் பிரிவில் ஏற்கெனவே நான்கு கோல்கீப்பர்கள் இருக்கிறார்களாம். கோல்கீப்பிங் பயிற்சியாளர் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருகிறாராம். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பை இங்கேயே முடிக்கட்டும் என்று பேசி முடிவு செய்திருக்கிறோம். அவன் அப்புச்சிக்குத்தான் கொஞ்சம் வருத்தம். மணிக்கட்டு சரியானதும் சனி, ஞாயிறுகளில் கோவைக்கு உங்களிடம் அழைத்து வரலாமா, ஐயா? என்ன கொண்டுவர வேண்டும்?

நேரு ஸ்டேடியம் (கோவை):

தாராளமாக அழைத்து வாருங்கள், அம்மா. மருத்துவர் எழுத்தில் அனுமதி கொடுத்த பிறகு வந்தால் போதும். அதுவரை காலால் பந்து கொடுத்து வாங்குவதை இரண்டு கால்களாலும் வீட்டுச் சுவரிலேயே பழகட்டும். காலை 6 மணிக்குத் தொடங்குகிறோம். தொடையையும் முழங்காலையும் மூடும் முழுக்கால் பேண்ட் அவசியம். கிளவுஸ் புதிதாக வாங்க வேண்டாம். மண் தரையில் உள்ளங்கை ரப்பர் சீக்கிரம் உரிந்துவிடும் என்பதால் பயிற்சிக்குப் பழையதே போதும், நல்ல ஜோடியை ஆட்டத்துக்கு மட்டும் ஈரப்படுத்திப் போடட்டும். தேர்வு நேரத்தில் வரத் தேவையில்லை. கோவை மாவட்ட லீகில் ஆடும் அணிகளில் கோல்கீப்பர் தேவைப்படும் ஓர் அணியில் அவனை அறிமுகப்படுத்துகிறேன். வாரந்தோறும் தொண்ணூறு நிமிடம் ஆடட்டும், 18 வயதில் அகாடமி, கல்லூரி, துறை அணி என்று எல்லா வழிகளையும் மறுபடி பார்க்கலாம். முதல் நாள் அவன் அப்பாவையும் அப்புச்சியையும் கூட்டி வாருங்கள்.